பொத்தானை அழுத்தினால் ஹெலிகாப்டர் வரும், ஆனால்...

ஸ்டாக்ஹோமில் மலையேற்றச் சாமான் விற்கும் கடையில் சாட்டிலைட் மெசெஞ்சர் (மொபைல் சிக்னல் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சின்னக் கருவி) வாங்கியபோது, "ஏதாவது ஆனால் இந்தப் பொத்தானை அழுத்துங்கள், ஹெலிகாப்டர் வரும்" என்றார் விற்பனையாளர். வந்தது, மறுநாள் மதியத்துக்கு மேல். நடுவில் கழிந்த மாலையும் இரவும் எனக்கும், ஸ்டாக்ஹோமில் இருந்த என் மனைவிக்கும், திருநெல்வேலியில் இருந்த அப்பாவுக்கும் எப்படிப் போனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதைச் சுற்றி இருக்கும் விஷயங்களைத்தான் யாரும் எனக்குச் சொல்லவில்லை. தனியாகக் காடு மலை என்று கிளம்புகிற நம்மவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது உதவலாம்.

இடம், ஸ்வீடனின் வட கோடியில் ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே இருக்கும் சாரெக் தேசியப் பூங்கா. 1909-இல் அறிவிக்கப்பட்டது. கிட்டத்தட்ட 1,970 சதுர கிலோமீட்டர். மற்ற மலைப் பகுதிகளில் இருப்பதுபோல இங்கே குறியிட்ட பாதையோ தங்கும் குடிசையோ கிடையாது, வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறார்கள். மொபைல் சிக்னலை மறந்துவிடலாம். பூங்காவின் நடுவே ஸ்கார்யா என்ற இடத்தில் ஒரு அவசரத் தொலைபேசி உண்டு. நான் சுவோர்வா அணைப் பக்கமிருந்து நுழைந்து, ஸ்கார்யாவைத் தாண்டி, ராபாதாலன் பள்ளத்தாக்கு வழியாகப் பூங்காவுக்கு வெளியே இருக்கும் அக்ட்சே குடிசைக்கு இறங்குவதாகத் திட்டம். ஆகஸ்ட் மாதம். கொசு கொஞ்சம் அடங்கியிருக்கும், ஆற்றுத் தண்ணீரும் ஜூலை அளவுக்கு இருக்காது என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்பினேன்.

ராபாதாலனை மேலிருந்து எடுத்த படங்களில் பார்த்திருப்பீர்கள், பச்சையும் பால் நிறமுமாக ஆறு கிளை பிரிந்து ஓடும். உள்ளே நடப்பவனுக்கு அந்தக் காட்சியெல்லாம் இல்லை. தலைக்கு மேல் வளர்ந்த வில்லோ புதர், காலடியில் சேறு, மூஸ் மான்கள் போட்ட தடத்தில் நாமும் புகுந்து புகுந்து போக வேண்டும். அப்படி ஒரு புதரிலிருந்து வெளியே வந்து, பனிமலையிலிருந்து இறங்கும் சிறு ஓடையைத் தாண்டும்போது வலது கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது, கால் அங்கேயே நின்றது. சத்தம் கேட்டது. வலி அப்புறம்தான் வந்தது. கரைக்கு உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து ஷூவைத் தளர்த்திப் பார்த்தபோதே கணுக்கால் வீங்க ஆரம்பித்துவிட்டது. பாதத்தை ஊன்றிப் பார்த்தேன், கண் இருட்டியது. அவசரத் தொலைபேசி எனக்குப் பின்னால் வெகு தூரத்தில். அக்ட்சே முன்னால் அதைவிடத் தூரத்தில்.

அடுத்து நான் செய்தது எஸ்ஓஎஸ் அழுத்துவது இல்லை. அரை மணி நேரத்துக்கும் மேல் சும்மா உட்கார்ந்திருந்தேன். இதற்குப் போய் ஹெலிகாப்டரா, கட்டுப் போட்டுக்கொண்டு மெல்ல நடந்து பார்க்கலாமா, ஆபீஸில் தெரிந்தால் சிரிப்பார்களா, எவ்வளவு பில் வரும் என்று என்னென்னவோ ஓடியது. வெட்கம்தான் பெரிய தடை என்பதை அங்கேதான் பார்த்தேன். அதற்கு மருந்து, வீட்டில் இருக்கும்போதே ஒரு கோடு கிழித்து வைத்துக்கொள்வது: சொந்தக் காலில் அடுத்த குடிசைக்குப் போக முடியாது என்றால் அழுத்துவேன், அவ்வளவுதான். பில் விஷயமும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஸ்வீடனில் மலை மீட்புப் பணி போலீஸ் பொறுப்பில் நடக்கிறது, மீட்கப்படுகிறவரிடம் காசு கேட்பதில்லை. நேபாளத்தில் அப்படி இல்லை. ஹெலிகாப்டருக்குச் சில ஆயிரம் டாலர் ஆகும், அதை ஏற்கும் காப்பீடு கையில் இல்லாமல் அங்கே போகக் கூடாது. போகிற நாட்டில் என்ன வழக்கம் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், வலியோடு உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருக்காது.

சரி, மூடியைத் திறந்து பொத்தானை அழுத்திப் பிடித்தேன். "அனுப்புகிறது" என்று திரை சொல்லிக்கொண்டே இருந்தது. என் கருவி இரிடியம் என்ற செயற்கைக்கோள் வலையில் ஓடுவது. 66 செயற்கைக்கோள்கள், பூமிக்கு மேலே சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில், துருவத்தை ஒட்டிய ஆறு பாதைகளில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் நம் தலைக்கு மேலே ஏறி இறங்கச் சுமார் பத்து நிமிடம்தான். வெட்டவெளியில் நின்றால் ஒன்று போனால் இன்னொன்று இருக்கும். ராபாதாலனிலோ இரண்டு பக்கமும் மலைச்சுவர், கிணற்றுக்குள் நின்று வானம் பார்க்கிற மாதிரி. தெரிகிற துண்டு வானத்துக்குள் ஒரு செயற்கைக்கோள் வந்து நுழையும்வரை காத்திருக்க வேண்டும். இதற்கு மேல் ஈரமான புதர் வேறு சிக்னலைத் தின்னும். கருவி முதுகுப்பை வாரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி, ஆன்டெனா வானத்தைப் பார்க்க, ஓடைக்கரையில் புதர் இல்லாத ஒரு பாறை மேல் நிறுத்திவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பீப் என்றது. கையில் வைத்து ஆட்டிக்கொண்டிருப்பதைவிட, திறந்த இடத்தில் நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பது நல்லது. அழுத்திவிட்டோமே என்று உடனே பைக்குள் போட்டுவிடாதீர்கள். போய்ச் சேர்ந்தது என்று பதில் வரும்வரை அது வானத்தைப் பார்த்தே இருக்கட்டும்.

அந்த அழைப்பு நேராக ஸ்வீடன் போலீஸுக்குப் போவதில்லை. முதலில் அமெரிக்காவில் இருக்கும் ஒரு மையத்துக்குப் போகிறது. அவர்கள் நம்மிடம் விசாரித்து, அந்தந்த நாட்டு மீட்புப் படைக்குச் சொல்கிறார்கள். அவர்களிடமிருந்து வந்த முதல் கேள்வி, என்ன நடந்தது என்று. ப்ளூடூத்தில் போனை இணைத்து அதில் தட்டச்சு செய்வதுதான் வழக்கம். ஆனால் அப்போது தூறல் பிடித்திருந்தது, நனைந்த திரையில் ஈர விரல் எதையும் அடிக்கவில்லை, அடித்தாலும் வேறு எழுத்து விழுந்தது. கருவியில் இருக்கும் சின்னப் பொத்தான்களால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். ஒரு செய்திக்கு 160 எழுத்துதான் இடம். நான் அனுப்பிய முதல் பதில் "கால் உடைந்தது" என்ற அளவில்தான் இருந்தது. அதற்கு அவர்கள் வரிசையாகக் கேள்வி கேட்டார்கள், ஒவ்வொரு கேள்விக்கும் பதிலுக்கும் செயற்கைக்கோளுக்காகக் காத்திருப்பு. முதல் செய்தியிலேயே இதைச் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் மிச்சம்: எங்கே அடி, நடக்க முடியுமா, ரத்தம் போகிறதா, தனியாகவா, கூடாரமும் சாப்பாடும் இருக்கிறதா, மேகம் எப்படி. இப்போது இந்த வரிசையை ஆங்கிலத்தில் வரைவுச் செய்தியாகவே சேமித்து வைத்திருக்கிறேன், இரண்டு சொல்லை மாற்றினால் போதும். தமிழ் எழுத்தை நம்ப வேண்டாம், என் கருவியில் அது கட்டம் கட்டமாகத்தான் வந்தது. மனைவிக்கு அனுப்பியதெல்லாம் தங்கிலீஷ்தான்.

இனி அப்பா கதை. கருவியைப் பதிவு செய்யும்போது அவசரத் தொடர்புக்கு இரண்டு பேர் கேட்பார்கள். மனைவி பெயரும் அப்பா பெயரும் கொடுத்திருந்தேன். மனைவி மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை, ஷிப்டில் போன் லாக்கருக்குள் இருக்கும். அதனால் மையத்திலிருந்து அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். திருநெல்வேலியில் அப்போது இரவு. +1 என்று தொடங்கும் எண்ணிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் குரல், அப்பா பெயரைச் சரியாகச் சொல்லி, "உங்கள் மகன் ஆபத்தில் இருக்கிறார், சில விவரங்கள் வேண்டும்" என்றால் எந்த அப்பா நம்புவார்? டிஜிட்டல் அரெஸ்ட் மோசடியைப் பற்றி டிவியில் பார்த்துப் பார்த்து ஊறியவர். வைத்துவிட்டார். மறுபடி வந்தது, திட்டிவிட்டு வைத்தார். மூன்றாவது முறை வருவதற்குள் எண்ணையே பிளாக் செய்துவிட்டார். பிறகு இதைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது: "ஏல, அவன் என் பேரு, ஒன் பேரு, எல்லாத்தையும் சொல்லுதான். அப்ப எனக்குச் சந்தேகம் கூடத்தானே செய்யும்? நீ ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிருக்கலாம்லா." அவர் செய்தது முழுக்க நியாயம். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

ஷிப்ட் முடிந்து போனை எடுத்த மனைவி, தவறிய அழைப்புகளையும் என் செய்திகளையும் ஒன்றாகப் பார்த்திருக்கிறாள். அவள் மையத்தைக் கூப்பிட்டபோது கேட்டார்களாம், கூடாரம் என்ன நிறம், மேல்சட்டை என்ன நிறம், எத்தனை நாள் சாப்பாடு, ஏதாவது மாத்திரை எடுக்கிறாரா, எந்த வழியாகப் போவதாகத் திட்டம். மாத்திரையைத் தவிர எதற்கும் அவளிடம் பதில் இல்லை. பழைய பயணப் படங்களைத் தோண்டிக் கூடாரத்தின் நிறத்தைச் சொல்லியிருக்கிறாள். மையத்தோடு நேரடியாக எனக்குத் தொடர்பு இருந்ததால் பெரிய சேதம் இல்லை. ஆனால் நான் மயங்கிக் கிடந்திருந்தால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும் ஒரே விஷயம், வரைபடத்தில் ஒரு புள்ளி. ஆகவே அவசரத் தொடர்பு என்பது பெயர் எழுதிக் கொடுப்பதோடு முடியும் வேலை இல்லை. யார் கூப்பிடுவார்கள், எந்த எண்ணிலிருந்து, என்ன கேட்பார்கள் என்று அவர்களை உட்கார வைத்துச் சொல்லுங்கள். எண்ணைப் போனில் பெயரோடு பதிந்து கொடுங்கள். கிளம்பும் அன்று காலையில் முதுகுப்பை, கூடாரம், உடுத்தியிருக்கும் சட்டை எல்லாம் தெரிய ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். முடிந்தவரை நீங்கள் நடக்கும் நாட்டிலேயே இருக்கும், தூக்கத்திலும் போன் எடுக்கும் ஒரு நண்பரை முதல் பெயராகக் கொடுங்கள்.

அப்பாவுக்கு விஷயம் உண்மை என்று தெரிந்ததும் அடுத்த கூத்து. என் இருப்பிடம் காட்டும் வரைபடப் பக்கத்தின் லிங்க்கை மனைவி அவருக்கு அனுப்ப, அவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அந்தப் பக்கத்திலிருந்தே கருவிக்குச் செய்தி அனுப்பலாம். சித்தப்பா "தைரியமா இரு" என்றார். அத்தை ஒரு சஷ்டி கவச வரி அனுப்பினார். அது கட்டங்களாக வந்து சேர்ந்தது. முகம் தெரியாத ஒரு உறவினர் "இப்ப எப்படி இருக்கு?" என்று மணிக்கொரு தடவை. அன்பு புரிகிறது. ஆனால் வருகிற செய்தியும் சந்தாக் கணக்கில் ஏறும், பேட்டரியைத் தின்னும், எல்லாவற்றுக்கும் மேலாக ஒவ்வொரு பீப்புக்கும் மீட்புக்காரர்களா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பார்க்க மட்டும் லிங்க்கைக் கொடுக்க வேண்டுமென்றால் செய்தி அனுப்பும் வசதியை நிறுத்திவிட்டுக் கொடுங்கள். கூடவே இன்னொன்றையும் சொல்லி வையுங்கள்: புள்ளி நகராமல் நின்றால் ஆபத்து என்று அர்த்தமில்லை, பேட்டரி தீர்ந்திருக்கலாம், பள்ளத்தாக்காக இருக்கலாம். எத்தனை மணி நேரம் சத்தமில்லை என்றால் கவலைப்பட வேண்டும் என்று ஒரு கணக்கு இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருக்கட்டும்.

மாலை ஆனதும் மேகம் கீழே இறங்கிவிட்டது. பள்ளத்தாக்கின் மேல் பாதி தெரியவில்லை. இப்போது பறக்க முடியாது, இருக்கும் இடத்திலேயே இருங்கள், சூடாக இருங்கள் என்று செய்தி வந்தது. அதைப் படித்தபோதுதான் உண்மையில் பயம் வந்தது. அதுவரை ஏதோ ஒரு வேலை கையில் இருந்தது. இனி செய்ய ஒன்றுமில்லை. ஓடை இரவில் ஏறினால் நனையாத அளவுக்குத் தள்ளி, ஒரு காலை இழுத்துக்கொண்டே கூடாரம் போட்டேன். சாதாரணமாகப் பத்து நிமிட வேலை, அன்றைக்கு முடிவதாகவே இல்லை. பேட்டரி விஷயத்தில் மட்டும் மூளை வேலை செய்தது. போனில் வரைபடமும் கேமராவும் சேர்ந்து சார்ஜைக் குடித்திருந்தன, அதை அணைத்தேன். பவர் பேங்க்கைக் குளிரில் விடாமல் தூங்கும் பைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டேன். மெசெஞ்சரை மட்டும் அணைக்கவில்லை, கூடாரத்துக்கு வெளியே கல் மேல் வைத்திருந்தேன். எஸ்ஓஎஸ் போட்ட பிறகு அதை அணைப்பது மீட்புப் படைக்கு நாமே கதவைச் சாத்துவது போலத்தான். இரவெல்லாம் தூக்கமில்லை. ஒரு கட்டத்தில் அழுதேன், வலிக்கு இல்லை, யாரும் பேசாததற்கு. இரண்டு வழிச் செய்தியின் அருமை அப்போது தெரிந்தது. விடியற்காலையில் "உங்களை மறக்கவில்லை, வானிலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்ற ஒரு வரி வந்தது. அதற்கப்புறம்தான் கொஞ்சம் கண் மூடினேன்.

மறுநாள் மேகம் விலகியதும் ஹெலிகாப்டர் கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்தது. இறங்கும்போது அடிக்கும் காற்று எவ்வளவு என்பதை யாரும் சொல்லவில்லை. கூடாரத்தின் மேல்துணி பிய்த்துக்கொண்டு புதருக்குள் போனது, படுக்கை விரிப்பு ஆற்றில். சத்தம் கேட்டதுமே எல்லாவற்றையும் பைக்குள் திணித்து அதன் மேல் படுத்துக்கொள்ளுங்கள். யெல்லிவாரே மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தார்கள், முறிவு, மாவுக்கட்டு. மீட்புக்குச் செலவில்லை. போன சாமான்கள், ஊர் திரும்பும் டிக்கெட், மனைவி ஓடிவந்த விமான டிக்கெட், அதிகப்படி செய்திகளுக்கான கட்டணம் என்று மொத்தம் பன்னிரண்டாயிரம் குரோனருக்கு மேல் போனது, நம் பணத்தில் லட்சத்தைத் தொடும். மருத்துவ விடுப்பில் சம்பளமும் முழுதாக வராது, சுமார் 80 சதவீதம்தான்.

எந்தக் கருவி வாங்கலாம் என்று பலரும் கேட்பதால் என் கருத்து. சாரெக் மாதிரி வடக்கே போகிறவர்களுக்கு இரிடியம் வலைதான் சரி, அதன் செயற்கைக்கோள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், துருவம்வரை எட்டும். ஒரு நண்பர் தன் இன்மார்சாட் போனைத் தருகிறேன் என்றார், நல்லவேளை வாங்கவில்லை. இன்மார்சாட் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் அசையாமல் நிற்கின்றன. திருநெல்வேலியில் நின்றால் வானத்தில் நல்ல உயரத்தில் இருக்கும். 67 டிகிரி வடக்கில் அது தொடுவானத்துக்கு மேலே 15 டிகிரிகூட எழும்பாது, தெற்கே ஒரு மலை இருந்தால் முடிந்தது. ஐபோன் 14-லிருந்து வந்த சாட்டிலைட் அவசர வசதி நல்லதுதான், ஆனால் எல்லா நாட்டிலும் கிடையாது. 62 டிகிரிக்கு மேலே வேலை செய்யாமல் போகலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. சந்தாவே வேண்டாம் என்பவர்களுக்கு பிஎல்பி என்னும் அவசர ஒலிபரப்பி இருக்கிறது. 406 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் வலுவோடு காஸ்பாஸ்-சார்சாட் என்ற சர்வதேச மீட்பு அமைப்புக்கு அழைப்பு போகும், குறைந்தது 24 மணி நேரம் ஒலிக்கும், பேட்டரி வருடக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். உங்கள் பெயரில் பதிவு மட்டும் செய்ய வேண்டும். ஆனால் அதில் பேச முடியாது. ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்கள் வழியாகப் பதில் விளக்கு எரியும் புதிய மாடல்களில் "கிடைத்தது" என்று தெரியும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்த இரவைக் கழித்தவன் என்ற முறையில், காசு கூடினாலும் இரண்டு வழிக் கருவியைத்தான் வாங்கச் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: மெசெஞ்சரில் சந்தாவை நிறுத்தி வைத்திருந்தால் எஸ்ஓஎஸ்ஸும் வேலை செய்யாது. கிளம்புவதற்கு முன் வீட்டு மொட்டைமாடியிலோ மைதானத்திலோ நின்று ஒரு செய்தி அனுப்பிப் பதில் வாங்கிப் பாருங்கள்.

கடைசியாக, இந்தியாவில் இருப்பவர்களும் இந்தியாவுக்கு விடுமுறைக்குப் போகிறவர்களும் கவனிக்க வேண்டியது. என் தம்பி லடாக் போகிறேன், அந்தக் கருவியைக் கொண்டுவா என்றான். கொண்டுபோகக் கூடாது. 2008 மும்பைத் தாக்குதலில் பயங்கரவாதிகள் சாட்டிலைட் போன் பயன்படுத்தியதற்குப் பிறகு இந்தியாவில் கெடுபிடி அதிகம். துராயா, இரிடியம் கருவிகளுக்கு அனுமதி இல்லை, தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதியோடு இன்மார்சாட் மட்டும்தான். போன் மட்டுமில்லை, இந்தச் சின்ன மெசெஞ்சரும் அதே கணக்கில்தான் வரும். மலையேற வந்த வெளிநாட்டுக்காரர்கள் பலர் உள்நாட்டு விமானம் ஏறும்போது எக்ஸ்ரேயில் மாட்டி, வழக்கு, நீதிமன்றம், அபராதம் என்று அலைந்திருக்கிறார்கள். வரும்போது யாரும் கேட்கவில்லையே என்பது வாதமாகாது. செய்தி திருப்பி அனுப்பாத சாதாரண ஜிபிஎஸ் கடிகாரம் வேறு, அதைக் கட்டிக்கொண்டு போகலாம். என் மெசெஞ்சர் இப்போது ஸ்டாக்ஹோமில் அலமாரியில் இருக்கிறது. தம்பிக்கு போஸ்ட்பெய்ட் சிம் வாங்கச் சொன்னேன், வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் எடுக்காது. சிக்னல் இல்லாத பகுதிக்குள் போகும்போது வழிகாட்டியோடு போவது, எந்தக் கிராமத்துக்கு எந்த நாள் வந்து சேர்வேன் என்று லே நகரில் தங்குமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது, இவ்வளவுதான் அவனுக்கு ஏற்பாடு.